எனக்கு நல்லா ஓட்ட வரும்னு நினைக்கறவங்க ஹைவேல எப்படி ஓட்டணும்

இது புதுசா கார் கத்துக்கறவங்களுக்கு எழுதறது இல்ல. எல் போர்டு ஒட்டுனவங்க பயந்து பயந்து 40ல போவாங்க, யாராவது ஹாரன் அடிச்சா ஓரமா ஒதுங்கிடுவாங்க. நான் எழுதறது அஞ்சு பத்து வருஷம் ஓட்டி கை நல்லா பழகிப்போய், சென்னைல இருந்து சொந்த ஊருக்கு மாசத்துக்கு ஒரு தடவையாவது போய்ட்டு வர்ற ஆளுங்களுக்கு, அதாவது என்னை மாதிரி ஆளுங்களுக்கு.

சில வருஷம் முன்னாடி பொங்கலுக்கு ஊருக்கு போறேன், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை போற வழி, ரோடு காலியா இருக்கேனு 120ல போய்ட்டு இருந்தேன். மனைவியும் பொண்ணும் பின் சீட்ல தூங்கறாங்க. திடீர்னு ஹெட்லைட் வெளிச்சத்துல பழுப்பா ஏதோ தொங்கற மாதிரி தெரிஞ்சுது. கரும்பு தோகை. ட்ரெய்லர் முழுக்க கரும்பு ஏத்திட்டு ஒரு டிராக்டர் என் லேன்லயே போகுது, பின்னாடி லைட்டும் இல்ல, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இல்ல. பிரேக்க மிதிச்சு வலது பக்கம் ஒடிச்சு எப்படியோ வெளிய வந்துட்டேன். வலது லேன்ல ஒரு ஆம்னி பஸ் வந்துட்டு இருந்துருக்கு, அவரு அடிச்ச ஹாரன் ஒரு நிமிஷம் காதுல நின்னுச்சு.

ஊருக்கு போய் இத பெருமையா சொன்னேன், டக்குனு கட் பண்ணலன்னா நாங்க யாரும் இல்லனு. எங்க மாமா முப்பது வருஷம் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "சரி மாப்ள, பின்னாடி வந்த பஸ்காரன் என்ன பண்ணான்?" ஹாரன் அடிச்சாருனு சொன்னேன். "ஹாரன் மட்டுமா அடிச்சான்? பிரேக் அடிக்காமலா நீ இங்க உக்காந்து காப்பி குடிக்கற?"

அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துல நான் தப்பிச்ச இடத்தையெல்லாம் யோசிச்சு பாத்தேன். பாதி இடத்துல பிரேக் போட்டது வேற யாரோ, எனக்கு கை நல்லா வரும்னு கணக்கு எழுதிக்கிட்டது மட்டும் நான்.

அதனால முதல்ல செய்ய வேண்டியது ஒரு சின்ன நோட்டு வாங்கி கிளவ் பாக்ஸ்ல போடறது. மாமா சொல்லி ஆரம்பிச்சது இது. ஊர் போய் சேந்ததும் இறங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுதணும்: நான் எங்கெல்லாம் சடன் பிரேக் போட்டேன், என்னால மத்தவங்க யாராவது பிரேக் போட்டாங்களா ஹாரன் அடிச்சாங்களா ஒதுங்குனாங்களா, எத லேட்டா பாத்தேன். யாரு மேல தப்புனு எழுதக்கூடாது, அத எழுத ஆரம்பிச்சா எல்லா பக்கமும் மத்தவன் தப்பாதான் இருக்கும். முதல் தடவ ஒண்ணுமே தோணாது, எல்லாம் நல்லாத்தான் ஓட்டுனேன்னு இருக்கும். டேஷ்கேம் இருந்தா மறுநாள் ஒரு அரை மணி நேரம் ஓடவிட்டு பாருங்க, ஓட்டும்போது சாதாரணமா தோணுன கட் எல்லாம் உக்காந்து பாக்கறப்ப வயித்த கலக்கும்.

நான்தான் நல்லா ஓட்டறேன்னு நினைக்கறது நம்ம ஊரு வியாதினு மட்டும் நினைக்காதீங்க. 1981ல ஓலா ஸ்வென்சன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் அமெரிக்காவுலயும் ஸ்வீடன்லயும் காலேஜ் பசங்ககிட்ட, இங்க இருக்கற மத்தவங்களோட ஒப்பிட்டா உன் டிரைவிங் எப்படினு கேட்டாரு. அமெரிக்க பசங்கள்ல 93 சதவீதம் பேரு தன்னை மேல் பாதில வச்சுக்கிட்டாங்க. ஸ்வீடன்ல 69. மேல் பாதில 50 சதவீதம் பேருக்குதான் இடம். ஸ்வீடன்லயே 1996ல இன்னொரு ஆய்வு வந்துச்சு, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. புது டிரைவர்கள ரெண்டு குழுவா பிரிச்சு ஒரு குழுவுக்கு அவசரத்துல வண்டிய எப்படி சமாளிக்கறதுனு பயிற்சி குடுத்தாங்க, இன்னொரு குழுவுக்கு உன் திறமை எந்த இடத்துல கைவிட்டுடும்னு அனுபவிச்சு பாக்க வச்சாங்க. கடைசில ரெண்டு குழுவுக்கும் நிஜத் திறமைல பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா முதல் குழு மட்டும் தங்களால முடியும்னு அதிகமா நம்புச்சு. அதனாலதான் இந்த கட்டுரைல ஸ்டியரிங்க எப்படி ஒடிக்கறது, ஸ்கிட் ஆனா எப்படி திருப்பறதுனு எதையும் சொல்லல.

அடுத்தது நிக்கற தூரம். இத தலைல ஏத்திக்கிட்டா பாதி பிரச்சனை தீரும். கண்ணுல பட்டு, மூளைக்கு போய், கால் பிரேக்குக்கு வர ஒண்ணரை செகண்ட் ஆகும்னு வைங்க. நல்ல டயர், காஞ்ச ரோடு இருந்தா 60ல போற கார் நிக்க சுமாரா 45 மீட்டர், 80ல போனா 70 மீட்டர், 100ல போனா நூறு மீட்டருக்கு கிட்ட. ஹைவே ஓரத்துல 200 மீட்டருக்கு ஒரு சின்ன கல் நட்டுருப்பாங்களே, ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளில பாதி. அடுத்த தடவ போகும்போது அத கண்ணால அளந்து பாருங்க. இப்ப ராத்திரி டிம் லைட்ல தெளிவா தெரியற தூரம் எவ்வளவு? நாப்பது அம்பது மீட்டர். அப்ப 100ல டிம் போட்டு போறவன் கண்ணுக்கு தெரியாத இடத்துக்கு வண்டிய அனுப்பிட்டு இருக்கான்னு அர்த்தம். அந்த கரும்பு டிராக்டர் மேட்டர்ல என் கை எவ்வளவு வேகமா வேலை செஞ்சிருந்தாலும் கணக்கு எனக்கு சாதகமா இருந்துருக்காது, பக்கத்து லேன் பஸ்ஸோட பிரேக்தான் கணக்க மாத்துச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கு. ரெண்டு கார் பக்கத்து பக்கத்துல வருது, ஒண்ணு 80, ஒண்ணு 100, ஒரே நேரத்துல ரெண்டு பேரும் குறுக்க ஓடுற மாட்ட பாத்து பிரேக் போடறாங்க. 80ல வந்தவன் மாட்டுக்கு முன்னாடி மயிரிழைல நிக்கற அதே இடத்துல 100ல வந்தவன் வண்டி இன்னும் கிட்டத்தட்ட 70ல போய்ட்டு இருக்கும். வித்தியாசம் இருபதுதானேனு நினைக்கறோம், முட்டும்போது அது எழுபதா வந்து நிக்குது.

இதுக்கு நடைமுறைல செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன்னாடி போற வண்டி ஒரு போர்டையோ பாலத்தோட கைப்பிடிச் சுவரையோ தாண்டுனதும் நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு, நூத்தி மூணுனு எண்ணுங்க, மூணு முடியறதுக்கு முன்னாடி நீங்க அந்த இடத்துக்கு வந்துட்டா ஒட்டிக்கிட்டு போறீங்கனு அர்த்தம். மழைல அத ரெண்டு மடங்காக்குங்க. உடனே எல்லாரும் சொல்றது, கேப் விட்டா எவனாவது உள்ள பூந்துருவான்னு. பூரட்டும். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து மறுபடி கேப் விடுங்க. நூறு கிலோமீட்டர்ல இருபது பேர் பூந்து ஒவ்வொருத்தரால மூணு செகண்ட் போனாலும் மொத்தம் ஒரு நிமிஷம். செங்கல்பட்டுல இருந்து விழுப்புரம் சுமாரா நூறு கிலோமீட்டர், 100க்கு பதிலா 120ல போனா மிச்சமாகறது பத்து நிமிஷம், அதுவும் நடுவுல ஒரு இடத்துலயும் வேகம் குறையாம போனாதான், டோல்கேட் கியூலயே அது போயிடும்.

ஓவர்டேக் பத்தி ரெண்டு விஷயம். நாலு வழி ரோடுல வலது லேன்ல லாரி போய்ட்டே இருக்கும், ஒதுங்க மாட்டாரு, நமக்கு கோவம் வரும், இடது பக்கம் பூந்து போவோம். நானும் போயிருக்கேன். லாரிக்காரர் வலது லேன்ல போறதுக்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும்: இடது லேன்ல டூவீலர், ராங் சைடுல வர்ற டிராக்டர், நிறுத்தி வச்ச வண்டி, சர்வீஸ் ரோடுல இருந்து திடீர்னு ஏறுற ஆட்டோனு எல்லாத்தையும் உயரத்துல இருந்து பாத்துட்டுதான் அங்க இருக்காரு. இடது பக்கம் போய்த்தான் ஆகணும்ங்கற நிலைமைல முழுசா கண்ணுக்கு தெரியற வரைக்கும் பின்னாடியே வாங்க, ரெண்டு நிமிஷம் ஆனாலும் சரி.

ரெண்டு வழி ரோடுல விஷயமே வேற. நீங்க 80, முன்னாடி லாரி 60ன்னா முழுசா தாண்டி உள்ள வர எட்டு செகண்டாவது ஆகும். அந்த எட்டு செகண்ட்ல நீங்க 180 மீட்டர் போவீங்க, எதிர்ல 80ல வர்றவரும் 180 மீட்டர் வருவாரு. அதாவது கிளம்பும்போது 360 மீட்டர் காலியா இருந்தா நேருக்கு நேர் முட்டற அளவுக்குதான் இடம் இருக்கு, பாதுகாப்பா வேணும்னா அரை கிலோமீட்டர் தெரியணும். வளைவுலயும் பாலத்து ஏத்தத்துலயும் யாருக்கும் அரை கிலோமீட்டர் தெரியாது. அப்பறம் நம்ம ஊர்ல லாரிக்காரங்க இடது இன்டிகேட்டர் போட்டு நீ போனு வழி விடுவாங்க, நல்ல மனசோடதான் போடறாங்க, ஆனா சில சமயம் அது நிஜமாவே அவரு இடது பக்கம் திரும்பறதுக்கு போட்டதாவும் இருக்கும், சில சமயம் அவரு பாத்தப்ப காலியா இருந்த ரோடு நீங்க வெளிய வர்றப்ப காலியா இருக்காது. அத அவரோட அபிப்பிராயமா மட்டும் எடுத்துக்கிட்டு நீங்க ஒரு தடவ பாத்துட்டு போங்க.

தூக்கம். இதுல நான் கொஞ்சம் கடுமையாவே சொல்லுவேன். தீபாவளி, பொங்கல்னா காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு, ஆபீஸ் முடிச்சு, பேக் பண்ணி, சாப்ட்டு ராத்திரி பதினோரு மணிக்கு தாம்பரம் தாண்டுவோம். அப்பவே முழிச்சு பதினேழு மணி நேரம் ஆயிடுச்சு. பதினேழு மணி நேரம் தூங்காம இருக்கறவன் கை கண் ஒத்துழைப்பு ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவன் அளவுக்கு மந்தமாயிடும்னு 1997லயே ஆய்வு பண்ணி சொல்லிட்டாங்க. நம்ம நாட்டு சட்டத்துல குடிச்சுட்டு ஓட்டறதுக்கு வச்சிருக்கற வரம்பு 0.03. ஒரு சொட்டு குடிக்காதவங்க நாம, ஆனா அந்த நிலைமைல குழந்தைங்கள ஏத்திக்கிட்டு முன்னூறு கிலோமீட்டர் ஓட்ட கிளம்பறோம். எனக்கு ராத்திரி டிரைவிங்தான் பிடிக்கும், தூக்கமே வராதுனு சொல்றவங்கள பாத்துதான் நான் ரொம்ப பயப்படறேன், ஏன்னா தூக்கம் வர்றது முதல்ல தெரியாம போறது தூங்கப் போறவனுக்குதான்.

என்ன பண்ணலாம்? ராத்திரி ஒம்பது மணிக்கு படுத்து மூணரைக்கு எந்திரிச்சு நாலு மணிக்கு கிளம்புங்க. முடியலன்னா பஸ்ல போங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வழில கொட்டாவி அடுத்தடுத்து வந்தா, கடைசியா தாண்டுன ஊர் பேரு ஞாபகம் இல்லன்னா, லேன் கோட்டு மேல டயர் ஏறுற சத்தம் கேட்டா, அந்த நிமிஷமே அடுத்த பெட்ரோல் பங்க்லயோ டோல்கேட் பக்கத்துலயோ நிறுத்துங்க, ரோட்டு ஓரத்துல இருட்டுல நிறுத்தாதீங்க. ஒரு காப்பி குடிச்சுட்டு உடனே இருபது நிமிஷம் கண்ண மூடுங்க, எந்திரிக்கறப்ப காப்பி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். கண்ணாடிய இறக்கி காத்து வாங்கறது, சத்தமா பாட்டு வைக்கறது இதெல்லாம் பத்து நிமிஷத்துக்கு மேல தாங்காது.

மலை ரோடு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சமவெளில நல்லா ஓட்டறவங்கதான் மலைல அதிகமா ஏமாறுவாங்க. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40, ஏறும்போது ஜாலியாதான் இருக்கும், இறங்கும்போது பிரேக்லயே காலு வச்சு இறங்கினா பாதி மலைல பிரேக் சூடாகி மிதிச்சாலும் பிடிக்காம போயிடும். ஏறுன கியர்லயே இறங்கணும், ஆட்டோமேட்டிக் வண்டினா லோ கியருக்கு மாத்திட்டு இறங்கணும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், அது விதிலயே இருக்கு. தர்மபுரில இருந்து சேலம் போற வழில தொப்பூர் கணவாய் இருக்கே, அது பெரிய மலைகூட கிடையாது, நல்ல அகலமான ரோடு. அந்த இறக்கத்துல டீசல் மிச்சம் பண்ணலாம்னு நியூட்ரல்ல விட்டு இறங்கின லாரிங்க பிரேக் பிடிக்காம முன்னாடி வரிசையா போற கார்ங்க மேல ஏறின விபத்து எத்தனையோ நடந்துருக்கு. அங்க போறப்ப நீங்க சரியா ஓட்டறது மட்டும் போதாது, மிரர்ல பின்னாடி வர்ற லாரிய பாத்துட்டே இருங்க, ரெண்டு லாரிக்கு நடுவுல மாட்டிக்காதீங்க.

வண்டில ஏபிஎஸ் (சடன் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) இருக்கு, ஆறு ஏர்பேக் இருக்கு, ரேட்டிங் அஞ்சு ஸ்டார்னு சொல்ற தைரியத்தையும் பாக்கணும். 1980கள்ல ஜெர்மனில ம்யூனிக் நகரத்துல டாக்சிகள்ல ஒரு பாதிக்கு ஏபிஎஸ் போட்டு ஒரு பாதிக்கு போடாம ஓடவிட்டு பாத்தாங்க. விபத்து எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு, ஏபிஎஸ் இருந்த டிரைவருங்க இன்னும் ஒட்டிப் போக, இன்னும் வேகமா திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. வண்டி குடுத்த பாதுகாப்ப நாமளே வேகமா மாத்தி செலவு பண்ணிடறோம். ஏர்பேக்கும் பெல்ட் போட்டவங்களுக்குதான் சரியா வேலை செய்யும். பின் சீட்லயும் பெல்ட் போடுங்க, 2022 செப்டம்பர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்ல பெல்ட் இல்லாமதான்.

போன். நாமதான் ஒரு கைல பேசிக்கிட்டே நல்லா ஓட்டுவோமேனு தோணும். 100ல போறப்ப மெசேஜ் பாக்க மூணு செகண்ட் குனிஞ்சா 80 மீட்டர் கண்ண மூடிக்கிட்டு போன மாதிரி. போன பின் சீட்ல இருக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க, மேப் மட்டும் ஸ்டாண்ட்ல. கைல பிடிச்சு பேசறது மோட்டார் வாகன சட்டம் 184வது பிரிவுல ஆபத்தான ஓட்டலுக்குள்ளயே வருது, முதல் தடவையே 1000ல இருந்து 5000 வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. அஜாக்கிரதையா ஓட்டி ஒருத்தர் உயிர் போனா இந்திய தண்டனை சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை.

இப்ப கூட உக்காந்து வர்றவங்களுக்கு. நம்ம வீடுகள்ல ஓட்டறவர்கிட்ட மெதுவா போங்கனு சொன்னா "நீ பேசாம வா, எனக்கு தெரியும்"னு பதில் வரும், சில பேரு இன்னும் வேகமா மிதிப்பாங்க. நீங்க ஓட்றது சரியில்லனு சொன்னா அது அவங்க கௌரவத்துல போய் விழுந்துடும். எனக்கு வயித்த கலக்குது, கொஞ்சம் நிறுத்துங்க, பாப்பாவுக்கு பாத்ரூம் போகணும்னு சொல்லி வண்டிய நிறுத்த வைங்க, நிறுத்துன இடத்துல டீ குடிச்சுட்டு பேசுங்க, ஓடற வண்டில சண்டை போடாதீங்க. ஓட்டறவங்களுக்கு என்னோட வேண்டுகோள், கிளம்பறதுக்கு முன்னாடியே வண்டில இருக்கற எல்லார்கிட்டயும், குழந்தைங்க உட்பட, யாருக்கு பயமா இருந்தாலும் சொல்லுங்க, நான் பத்து குறைச்சுடுவேன், ஏன்னு கேக்க மாட்டேன்னு சொல்லிடுங்க. எங்க வீட்ல இத வழக்கமாக்கின பிறகுதான் என் மனைவி பின் சீட்ல கம்பிய பிடிச்சுக்கிட்டு வர்றது நின்னுச்சு. பத்து வருஷமா பிடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க, நான் கவனிக்கவே இல்ல.

பதினெட்டு ஆகாத பசங்ககிட்ட சாவி குடுக்கறவங்களும் கேளுங்க. நல்லா ஓட்டுவான், தெருவுக்குள்ளதான்னு குடுப்பாங்க. மோட்டார் வாகன சட்டம் 199ஏ பிரிவுல பெத்தவங்களுக்கு 25,000 ரூபா அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. அத விடுங்க, அவன் அந்த வயசுல ஒரு தடவ தப்பிச்சான்னா அத திறமைனு முடிவு பண்ணிடுவான், அப்பறம் அவன் மனச மாத்தறது ரொம்ப கஷ்டம்.

2022ல மட்டும் நாடு முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேரு. அதுல தமிழ்நாட்டுல 17,884 பேரு, விபத்து எண்ணிக்கைல அந்த வருஷம் நம்ம மாநிலம்தான் முதல். பத்துல ஏழு சாவுக்கு மேல அதிவேகம்னு பதிவாயிருக்கு. வழில விபத்து பாத்தா நிறுத்துங்க, 108க்கு போன் பண்ணுங்க, உதவி செஞ்சவங்க பேரு விலாசம் குடுத்தே ஆகணும்னு போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் இலவசம், யாரு எந்த ஊருனு பாக்க மாட்டாங்க, அத பக்கத்துல இருக்கறவங்களுக்கு சொல்லுங்க.

என் நோட்டுல போன ஞாயித்துக்கிழமை எழுதுனது இது: மதுராந்தகம் ஏரி தாண்டி சடன் பிரேக் ஒண்ணு, நாய். அச்சரப்பாக்கம் பக்கத்துல இடது பக்கம் லேன் மாறும்போது பிளைண்ட் ஸ்பாட்ல இருந்த பைக்க பாக்கல, அந்த தம்பி பிரேக் போட்டு ஒதுங்குனாரு, பின்னாடி அவங்க அம்மா உக்காந்திருந்தாங்க. திரும்பி பாத்து கும்பிட்டேன், அவங்க கைய காட்டிட்டு போய்ட்டாங்க.

அந்த பக்கத்துக்கு கீழ அடுத்த தடவைக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கேன், லேன் மாறுறதுக்கு முன்னாடி மிரர் பாத்தா மட்டும் போதாது, தலைய திருப்பி ஒரு தடவ பாக்கணும்னு.